மச்சான் காரில் எரிந்த சிவப்பு விளக்கு

தையற்காரருக்கு வாயில் குண்டூசி இருக்கும்போது மட்டும்தான் பேச்சு நிற்கும். மற்ற நேரமெல்லாம் மனைவி புராணம்தான். காலர் அளவு கொடுக்க வந்தவரிடமும் சொல்வார், ஜிப் மாற்ற வந்தவரிடமும் சொல்வார்: "பக்கத்து ஒர்க்‌ஷாப் என் வீட்டுக்காரியோடதுதான். சத்தத்தக் கேட்டே வண்டிக்கு என்ன நோய்னு சொல்லிடுவா." கேட்டுக் கேட்டுத் தெருவுக்கே காது புளித்துவிட்டது. அவருக்கு மட்டும் சொல்லச் சொல்ல இனித்தது.

ஒரே ஒரு ஆளிடம்தான் இந்தப் புராணம் செல்லுபடியாகவில்லை. அது மனைவியின் அண்ணன். அவரும் மெக்கானிக்தான். ஊரின் மறுகோடியில் பெரிய ஒர்க்‌ஷாப், கூப்பிட்ட குரலுக்கு ஆட்கள். தங்கை கடை திறந்த அன்று வந்து வாழ்த்திவிட்டு, "பாப்பா பஞ்சர் ஒட்டும், ஆயில் மாத்தும், பொழுது போகும்" என்று எல்லார் காதிலும் விழும்படிச் சொல்லிவிட்டுப் போனார். அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். தையற்காரருக்குத்தான் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மச்சான் வாயால் அவளை ஒரு தடவையாவது மெக்கானிக் என்று சொல்லக் கேட்டுவிட வேண்டும். இதைவிடப் பெரிய ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

அந்த மச்சானின் சொந்தக் கார் ஒரு நாள் காலையில் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தையற்காரர் பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்," என்றார் மச்சான். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

"விளக்கு எரியுதே, அண்ணா?"

"புது பேட்டரி போட்டாச்சு. அதுக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரும் புதுசு, பெல்ட்டும் புதுசு. ஹெட்லைட்டப் போட்டா போதும், உடனே எரிய ஆரம்பிச்சுடுது. நீயும் பாரேன், சும்மா."

சும்மாவாம்! தையற்காரருக்குக் கவலை பிடித்தது. இவளும் கையை விரித்துவிட்டால் அவ்வளவுதான், மச்சான் ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காட்டுவார். போதாக்குறைக்கு, ஸ்கூல் வேன் ஓட்டுகிற ஒரு அம்மா, வண்டியை பிரேக் பார்க்கக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்த சேதி சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றிவிடும்.

அவள் சாவியைத் திருகினாள். என்ஜின் முக்கி முனகித்தான் கிளம்பியது.

"புது பேட்டரிக்கு ஏன் இந்த முனகல்?" என்றாள்.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரிமேல் வைத்தாள். பன்னிரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது. அதே முனைகளை ஆல்டர்னேட்டரில் வைத்தபோது பதினான்கைத் தாண்டியது.

"ஆல்டர்னேட்டர் ஒழுங்காத்தான் கொடுக்குது. பேட்டரிக்கு முழுசா வந்து சேரல. வழியில யாரோ சாப்பிடறாங்க."

தையற்காரருக்கு இதில் ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் தானே சொல்லிக் கொடுத்த பாடம் மாதிரி பலமாகத் தலையாட்டினார்.

பிளஸ் வயரை முழுக்கத் தடவிப் பார்த்தாள். அதில் குற்றமில்லை. பிறகு ஒரு தடித்த கேபிளை எடுத்து, ஒரு முனையை என்ஜின் இரும்பிலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸிலும் கவ்வவிட்டாள். சிவப்பு விளக்கு அணைந்தது. கேபிளைக் கழற்றினாள், எரிந்தது. மறுபடி மாட்டினாள், அணைந்தது. பெஞ்சில் இருந்த அம்மா எழுந்து பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டார்.

அப்படியென்றால் கரண்ட் திரும்பி வரும் வழியில்தான் கோளாறு; இனி தேட வேண்டிய இடம் ஒன்றுதான். டார்ச்சோடு குனிந்து, என்ஜினையும் காரின் உடம்பையும் இணைக்கிற எர்த் வயரைப் பார்த்தாள். அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே போய் வந்த காரின் பானெட்டைத் திறந்தால் உள்ளே பளபளக்கும், ஒவ்வொரு இரும்புக்கும் வெள்ளி பெயிண்ட். சொந்தக் கார் ஆயிற்றே, இதற்கு அண்ணன் தன் கையாலேயே ஆசை தீர அடித்திருந்தார். அடித்த பெயிண்டின் மேலேயே எர்த் வயரை வைத்து முடுக்கியும் இருந்தார். பெயிண்ட் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்? அவள் போல்ட்டைக் கழற்றி நகத்தால் சுரண்டினாள். விரல் நுனியில் வெள்ளித் தூள் ஒட்டியது. அண்ணன் அதைப் பார்த்தார். இந்த அளவுக்குத் தையற்காரருக்கும் புரிந்தது.

"அட, மச்சான்! நீங்க அடிச்ச..." என்று தொடங்கினார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது.

"எர்த் சரியாப் பிடிக்கல, அவ்வளவுதான்," என்றாள் அவள், பெஞ்ச்காரம்மாவுக்கும் கேட்கும்படி. "சுரண்டிப் போட்டா சரியாயிடும்."

கைக்கு எட்டிய பழம் நழுவுகிறதே என்று தையற்காரர் தவித்தார். ஆனால் உப்புத்தாளால் இரும்பை அவள் தேய்ப்பதைப் பார்க்கப் பார்க்கத் தவிப்பு அடங்கியது. ஜெயித்துவிட்டு இத்தனை அமைதியாக இருக்கத் தன்னால் முடியுமா? நான் கொடுத்துவைத்தவன் என்று நினைத்தார். இத்தனை நாள் தெரு முழுக்கச் சொன்னதுகூட அவளுக்குக் குறைச்சல்தான் என்று பட்டது.

வயரை மாட்டி முடுக்கிவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க, அண்ணா," என்றாள். முனகல் இல்லாமல் என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. அண்ணன் ஹெட்லைட், வைப்பர், ஏசி என்று இருந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தார். சிவப்பு விளக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் இறங்கி வந்து, தன் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டார்.

"கரண்ட் கோளாறுன்னு அங்க ஒரு வேனைப் பிரிச்சுப் போட்டிருக்கோமே, அதைத் திரும்ப மாட்டி என் தங்கச்சி கடைக்குக் கொண்டு வாங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசல்வரை கேட்கும் குரலில் சொன்னார்: "என் காருக்கா? ஒண்ணும் இல்ல, நான் அடிச்ச பெயிண்ட்தான். எர்த் வயருக்கு அடியில அடிச்சுத் தொலைச்சிருக்கேன். யார் கண்டுபிடிச்சதா? இங்க ஒரு மெக்கானிக் இருக்காங்க. என் தங்கச்சி."

தையற்காரர் வெற்றிக் களிப்போடு மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் நிமிரவில்லை. முன்பே இறுக்கி முடித்த போல்ட்டை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தாள். கண் நிரம்பி வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை நாளும் தான் மட்டும்தான் காத்திருந்ததாக நினைத்திருந்தார் தையற்காரர்.