மாமாவின் அறையில் அந்தப் பாட்டு

மாமா கதாநாயகனாக நடித்தது ஒரே ஒரு படம். வந்த வேகத்தில் அது தியேட்டரை விட்டுப் போய்விட்டது. ஆனால் அதில் அவர் ஆடிய ஆட்டம் மட்டும் எல்லோருடைய போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. கோழிப் படத்திலும் குரங்குப் படத்திலும் அவர் தலையை ஒட்டிச் சிரித்தார்கள். அவர் பால் பாக்கெட் வாங்கப் போனால், கடைக்காரர் அதே மாதிரி இடுப்பை ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார்.

மாமா எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தார். கீழே இறங்குவதே இல்லை. "இன்னொரு தடவ அந்தப் படத்துப் பேச்சு என் காதுல விழுந்துச்சு, பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். சும்மா சொல்கிற ஆள் இல்லை. கட்டி வைத்த பெட்டி கட்டிலின் மேலேயே இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது ஏன் என்று கேட்காதவர் அவர் ஒருவர்தான். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோனால் "உக்காரு" என்பார். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அவரும் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கென்று யாரும் இல்லை.

ஆனால் அந்தப் படத்துப் பாட்டுகள் என்றால் எனக்கு உயிர்.

அன்று காலை வெங்காயம் உரித்துக்கொண்டே, காதில் இயர்போனை மாட்டிப் பாட்டைத் தட்டினேன். சத்தம் வரவில்லை. கூட்டினேன். அப்போதும் இல்லை. முழுசாகக் கூட்டினேன்.

மாடியில் மேளம் அதிர்ந்தது.

முந்தின வாரம் மாமாவின் குட்டி ஸ்பீக்கரை என் போனோடு புளூடூத்தில் இணைத்துப் பார்த்திருந்தேன். போன் அதை மறக்கவில்லை.

அம்மா கரண்டியோடு திரும்பினாள். "அடிப்பாவி! நிறுத்துடி!"

வெங்காயச் சாறு பட்ட விரல். திரை வழுக்கியது. அழுத்த அழுத்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. போனைக் கையில் பிடித்தபடி மாடிப்படியில் ஓடினேன்.

கதவு திறந்திருந்தது. மாமாவின் ஒரு கையில் ஸ்பீக்கர். இன்னொரு கை பெட்டியின் பிடியில்.

"யாரு போட்டது?"

"நான்தான் மாமா."

"நீயுமா? கேலி பண்ணவா?"

"இல்ல. பிடிச்சிருக்கு."

"படமா?"

பொய் சொன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். "படம் சகிக்கல மாமா. பாட்டு நல்லா இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். பிடியில் இருந்த விரல்கள் இறுகின.

"இந்தப் பாட்டுக்குத்தான் நான் குரங்கு மாதிரி குதிச்சேன். தெரியும்ல?"

"தெரியும். அதான் போனக் கவுத்துப் போட்டுட்டுக் கேப்பேன்."

மேளம் அடங்கியது. மெல்லிசாக ஒரு குழல் ஏறி வந்தது. அவர் ஸ்பீக்கரைக் காதருகே கொண்டுபோனார்.

"இது என்ன, புல்லாங்குழலா?"

"ஆமா. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வரும்."

"நான் கேட்டதே இல்லையே. ஆடும்போது ஒண்ணு ரெண்டுன்னு வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தேன். பாட்டு எங்க காதுல விழுந்துச்சு?"

அம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். "தம்பி, இவ தெரியாம போட்டுட்டாடா. நீ எதையும் மனசுல வச்சுக்காத..."

"அக்கா, கொஞ்சம் சும்மா இரேன். பாட்டு ஓடுதுல்ல."

பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார். கட்டிலில் அது இருந்த இடத்தைக் கையால் தட்டினார்.

"உக்காரு" என்றார்.