விடச் சொல்கிற வரைக்கும்

நாலு பேர் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளியும் கார் அசையவில்லை. ஐந்தாவது ஆள் தள்ளவில்லை. தள்ளுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இறந்துபோன மெக்கானிக்கின் அண்ணன். என்றைக்கோ ஆறு மாதம் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். பதவி போய்ப் பதினைந்து வருடமாகியும் 'தலைவர்' என்ற பட்டம் மட்டும் போகவில்லை.

மெக்கானிக்கின் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் மெக்கானிக் கிடந்தார். அவரை எடுத்துப்போக வந்த வண்டி தெருவில் காத்திருந்தது. அது உள்ளே வர முடியாதபடி, கேட்டின் நடுவில், மூக்கு தெருவிலும் உடம்பு வீட்டிலுமாகக் கார். நேற்றுச் சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தியது. கை பிரேக் பிடிக்காததால் முதல் கியரில் போட்டுவிட்டு, "காலையில ஓட்டிப் பாத்துரலாம்" என்று கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். காலையில் எழுந்திருக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மண்டையைப் போட்டது. விபத்தில் நசுங்கிய அதே மாடல் கார் ஒன்றிலிருந்து கையால் மாற்றுகிற கியர்பாக்ஸ், கிளட்ச், மூன்றாவது மிதி எல்லாவற்றையும் மெக்கானிக் கழற்றிக்கொண்டு வந்தார். பகலெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர். மிச்ச நேரமெல்லாம் காருக்கடியில். ஊரே கியரை விட்டுட்டு ஆட்டோமேட்டிக்குக்குப் போகுது, என் தம்பி மட்டும் எதிர்ப்பக்கமா ஓடுறான் என்று தலைவர் விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். இன்று காலை அதே கதை 'என் தம்பி ஒரு விஞ்ஞானி' என்று புது அட்டை போட்டுக்கொண்டது. யோசனை கொடுத்ததே தலைவர்தான் என்பது பதினொரு மணி வாக்கில் சேர்ந்தது.

அவளுக்கு அதில் இருந்தது ஒரே வேலை. கிளட்ச் குழாயில் காற்று புகுந்தால் மிதி தொளதொளவென்று இறங்கிவிடும். காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் மிதியை அமுக்க, கீழே ஒருவர் திருகைத் திறந்து மூட. "அமுக்கு." "அமுக்கிட்டேன்." "பிடி. ம், விடு." சொல்வதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்பவும் புகுந்துவிடும். ஒருநாள் அமுக்கச் சொன்ன கையோடு ஸ்பேனர் வாங்கக் கடைக்குப் போய்விட்டார் மெக்கானிக். முக்கால் மணி நேரம் கழித்து வந்து, "இன்னுமா அமுக்கிட்டிருக்கே?" என்றார்.

"நீங்க விடச் சொல்லலியே."

மூன்று வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி இதுதான். பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு அது போதுமான சத்தமாகவே இருந்தது.

தலைவர் கார் கதவைத் திறந்து உட்காரப் பார்த்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. "சீட்டை இவ்வளவு முன்னால இழுத்து போல்ட் போட்டு வெச்சிருக்கானே, யாரு ஓட்றதுக்கு?" நின்றபடியே தலையை மட்டும் உள்ளே விட்டு, சாவியைத் திருப்பினார். "பாருங்க, பி எரியுது. பார்க்கிங். பூட்டிக்கிச்சு. இனி யார் தள்ளினாலும் நகராது."

தள்ளிய நாலு பேரும் ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்கள். விஷயம் விளங்கிவிட்டதாகத் தலையாட்டினார்கள்.

"அது எப்பவும் பி-தான் காட்டும்" என்றாள் அவள். பி-யில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆவேன் என்ற காரை ஏமாற்ற ஒயரை முறுக்கிக் கட்டியதிலிருந்து அந்த விளக்குக்கு வேறு எழுத்து தெரியாது. ஓடினாலும் நிற்பதாகவே சொல்லும். அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைவர் பழைய இரும்புக் கடைக்குப் போன் போட்டு, இழுவை வண்டியோடு வரும்படியும், அப்படியே கொண்டுபோய் உடைத்துவிடும்படியும் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் அவள் பக்கம் திரும்பி, "நீ உள்ள போய் உக்காரும்மா. இதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

அவள் படியிறங்கி வந்தாள். "அவங்களை வர வேண்டாம்னு சொல்லுங்க மாமா. கொஞ்சம் நகருங்க."

அவளுக்கு முழங்கால் இடிக்கவில்லை. மிதியை அமுக்கத் தோதாகத்தான் சீட்டை முன்னால் இழுத்திருக்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் ஸ்டியரிங் எட்டியது, கியர்க் கம்பி எட்டியது, முன்கண்ணாடி வழியாகத் தெரு முழுசாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் ரொட்டிக்கடை வேனை ஓட்டியவள் அவள். இருபத்தாறு வருடமாகப் பக்கத்து சீட்.

கிளட்ச்சை மிதித்தாள். தொளதொளக்கவில்லை. பாதி வழியிலேயே கனமாக எதிர்த்து நின்றது. துளிக் காற்று இல்லை. சாவியைத் திருப்பினாள்.

கார் ஒருமுறை உதறிக்கொண்டு தெருவில் இறங்கியது. பின்னால் தலைவரின் குரல் கேட்டது: "நல்லாத் தள்ளினா வரும்னு நான்தான் அப்பவே சொன்னேனே."

தெருமுனை வரை ஓட்டிப்போய் நிறுத்தினாள். பக்கக் கண்ணாடியில், அவரை எடுத்துப்போக வந்த வண்டி பின்னுக்கு நகர்ந்து கேட்டுக்குள் நுழைவது தெரிந்தது. ஐந்து பேரும் ஐந்து விதமாகக் கை காட்டினார்கள். ஒருவர் அவளைப் பார்த்தும் வரச்சொல்லிக் கை அசைத்தார்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பி எரிந்தது. இடது கால் கிளட்ச்சை அடிவரை அமுக்கியிருந்தது. தொடை மெல்ல நடுங்க ஆரம்பித்தது. காருக்கடியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அவள் காலை எடுக்கவில்லை.