அடைத்த ஓட்டை

இந்தக் காலத்தில் யாரும் எதையும் நேரே சொல்வதில்லை. உப்பளத்துக்குப் போகாதே என்று சொல்லப் பயந்துகொண்டு பந்தயம் கட்டுகிறார்கள். போன மாதம் பாத்தியில் வழுக்கி விழுந்து என் முட்டி வீங்கியதிலிருந்து மகன் அர்ச்சுனன் என்னைக் கண்டாலே செல்போனுக்குள் முகத்தை வைத்துக்கொள்கிறான். பேசுவதற்கு மருமகளை அனுப்பினான்.

பூஜா பெரிய முதலியார்சாவடியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறாள். அங்கே கற்றுக்கொண்ட ஆட்டமாம், பெயர் ‘கோ’. கோடு கிழித்த பலகை, சட்டை பட்டன் மாதிரிக் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள். எதிராளியின் காயை மூச்சுவிட இடமில்லாமல் வளைத்தால் பிடுங்கிக்கொள்ளலாம். ஐந்து நாள் சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

“ஜெயிச்சா போங்க மாமா. தோத்தா இந்த சீசன் முழுக்க வீடுதான்.”

“நாப்பது வருசம் உப்புல நின்னவம்மா நான். சட்டை பட்டன வெச்சு என்னைத் தடுக்கப் போறியா?”

எடுத்ததும் பாய்ந்தேன். அவள் காய்களைத் துரத்திக்கொண்டு பலகையின் மறுகோடி வரை போனேன். திரும்பிப் பார்த்தால் என் பக்கத்தில் பாதியை வளைத்துவிட்டிருந்தாள். சரி, இனி நிதானம் என்று மூலையில் மிஞ்சியதைக் காப்பாற்ற உட்கார்ந்தேன். வரப்பு போட எனக்குத் தெரியாதா? சுற்றிலும் காய் வைத்தேன். உள்ளே இரண்டு இடம் மட்டும் தனித்தனியே காலியாகக் கிடந்தது. ஓட்டையைப் பார்த்தால் எனக்குக் கை நிற்காது. ஒன்றை அடைத்தேன்.

பூஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ மாமா, அந்த ரெண்டு ஓட்டைதான் உங்க உயிரு! ரெண்டும் இருந்தா, ஒரே நேரத்துல ரெண்டையும் என்னால அடைக்க முடியாது.”

“ஓட்டை உசுரா? ஓட்டை விட்டா தண்ணி போவும்.”

மிஞ்சிய ஓட்டையில் அவள் ஒரு காயை வைத்தாள். என் பதினாலு காயையும் கொய்யா பறிக்கிற மாதிரி எடுத்துக்கொண்டாள். உள்ளறையில் அர்ச்சுனன் சிரிப்பது கேட்டது.

“மொதல்ல ரொம்பப் பாய்ஞ்சீங்க. அப்புறம் ரொம்பப் பயந்துட்டீங்க, மாமா.”

“யாரு, நானா?”

மறுநாள் காலை உப்பளத்துக்குப் போனேன். வேலைக்கு இல்லை, பார்க்க. பார்ப்பதைப் பற்றிப் பந்தயத்தில் பேச்சே இல்லை. வரப்பில் ஒரு நண்டு வளை, தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. குதிகாலால் சேற்றைத் தள்ளி மிதித்து அடைத்தேன். அதையெல்லாம் வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டடி தள்ளி இன்னொரு வளையிலிருந்து அந்த நண்டு வெளியே வந்து, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது.

இதுவும் அந்த விடுதிக்குப் போய்வந்த நண்டாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, நொண்டியபடி அடுத்த வரப்பைப் பார்க்க நடந்தேன்.