மூன்று குளிர்காலம் ஆடிய ஹேக்லி அணி

1

இந்தக் கதை எனக்குக் கோபத்தில் வந்தது. எங்கள் ஹேக்லி நெசவாலைக் கால்பந்து அணியைப் பற்றிப் ஊர்ப் பாதிரியார் மகன் புத்தகம் போட்டிருக்கிறான். மூன்று குளிர்காலம் ஆடி 1884-இல் செத்த அணி. சாகடித்தது எங்கள் அணி சார்பில் நின்ற நடுவர் சைலஸ் ஹோல்ட் என்கிறான். எதிரணியிடம் விலை போய் எங்கள் கோலை மறைத்தாராம். புளுகு! எழுதினவன் அப்போது பிறக்கவே இல்லை.

சைலஸின் மகள் மார்த்தா அந்தப் புத்தகத்தை என் மேசையில் வீசினாள்.

"அப்பா செத்தும் விடமாட்டேங்கிறாங்க, ஜேபஸ் மாமா. நீங்க அந்த அணியில ஆடுனவர்தானே? நடந்தத எழுதுங்க."

"நான் தறி ஓட்டுனவன். எனக்கு என்ன எழுத்து தெரியும்?"

"புளுகுறவனே எழுதுறான். ஒங்களுக்கு என்ன கேடு?"

2

'அன்று மழை பெய்து…' (வேண்டாம். ஹேக்லியில் என்றைக்குப் பெய்யவில்லை?)

கோப்பை ஆட்டம், கடைசி ஐந்து நிமிடம். எங்கள் பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. அப்போது வலை கிடையாது. அணிக்கு ஒரு நடுவர். ஆடுகிறவன் கை தூக்கி 'கோலா?' என்று கேட்டால்தான் வாய் திறப்பார்கள். கேட்காவிட்டால் கோலும் கோல் இல்லை.*

நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். ஒருவரும் கேட்கவில்லை. எதிரணியினர் பந்தை எடுத்து வந்து உதைத்து ஓடினார்கள், கோல் போட்டார்கள், கேட்டார்கள், ஜெயித்தார்கள்.

"ஏன்யா வாயில கொழுக்கட்டையா?" என்று சைலஸின் சட்டையைப் பிடித்தோம்.

"கேட்டீங்களாடா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அன்றே அவர் வீட்டு ஜன்னல் உடைந்தது. நாங்களும் எங்களுக்குள் அடித்துக்கொண்டோம். மறு சனிக்கிழமை பதினோரு பேர் தேறவில்லை.

* இந்தச் சட்டத்தைப் பற்றி அவன் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்களே பாருங்கள்.

3

சைலஸ் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் அணித்தலைவன் மேல்தான். கை தூக்க வேண்டியது அவன் வேலை. பாவம், அவன் கண்ணில் வெயில் பட்டு… (மழை என்றேனே.) அவனுக்குக் காலில் அடிபட்டு… (பொய்.)

தலைவன் நான்தான். கோல் போட்டதும் நான்தான். அந்த ஜன்னலில் விழுந்த முதல் கல்லும் என்னுடையது.

புத்தகம் போட்டவனைத் திட்ட உட்கார்ந்தேன். அவன் அச்சடித்த புளுகை இத்தனை வருஷம் வாயை மூடி வளர்த்தவன் நான்.

4

மார்த்தா மன்னிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். கிழித்தேன். காறித் துப்புவதாக ஒன்று. அதையும் கிழித்தேன். அவள் என்ன செய்வாள் என்று எழுத நான் யார்? நாளை காலை இந்தத் தாள்களை வாங்க வருவாள். கொடுப்பேன்.

முடிவை என்னிடம் கேட்காதீர்கள். மண்ணுக்குள் இருக்கிற சைலஸைக் கேளுங்கள். கேட்டால் சொல்லும் மனிதர் அவர். நான் தூக்காத கையை நீங்கள் தூக்குங்கள்.