கேட்காமல் தைத்த சீருடை

இன்னும் கிட்ட வாருங்கள் கண்ணுகளா, ஃபேன் காற்று எட்டுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். என் குரல் தூரம் போகாது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு வயிற்றெரிச்சல் கதை சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் வருகிறதே, அந்த எரிச்சல் இல்லை. தான் பெற்ற பிள்ளை இன்னொருத்தி கையால் நன்றாகச் சாப்பிடுகிறது என்று கேட்டதும் வருமே, அது. கேட்டுவிட்டு இந்தக் கதையில் வருகிற யாரையும் திட்டக்கூடாது. அதை மட்டும் ஒப்புக்கொண்டு கேளுங்கள்.

வீரபாண்டியில் கோமளா என்று ஒருத்தி. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவள் மிஷினில் உட்கார்ந்தால் பக்கத்து மிஷின்காரிக்குத் தூக்கம் கலைந்துவிடும், அத்தனை வேகம். புருஷன் சரவணக்குமார் தையல் மிஷின் மெக்கானிக். ஒரே பெண் அபிராமி, ஐந்தாம் வகுப்பு முடித்தவள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஐந்துக்கு மேல் கிடையாது. ஆறாவதுக்கு வேறு இடம் பார்த்தாக வேண்டும்.

அந்தச் சித்திரையில் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. சரவணக்குமாரின் கம்பெனி ராஞ்சியில் புதிதாக ஒரு யூனிட் திறந்தது. மிஷின்களைப் பொருத்திக் கொடுக்க அவனை ரயிலேற்றிவிட்டார்கள். கோமளாவின் கம்பெனியிலோ ஏற்றுமதி ஆர்டர் தலைக்கு மேல் நின்றது. தினமும் ஒன்றரை ஷிப்ட். காலையில் போனால் வீடு வர இரவு ஒன்பதாகும். லீவில் இருக்கிற பெண்ணை என்ன செய்வது?

கொமரலிங்கத்தில் சரவணக்குமாரின் அக்காள் மயிலாள் இருந்தாள். அமராவதித் தண்ணீரில் கொஞ்சம் நெல், கொஞ்சம் தென்னை, இரண்டு மாடு. அவளுக்கும் அவள் புருஷன் நல்லானுக்கும் குழந்தை இல்லை. "லீவு முடியற வரைக்கும் எங்கூட்டுல இருக்கட்டும் கோமளா" என்று அவளாகவே கேட்டாள். கோமளாவே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது, இப்படி ஒரு நங்கையா யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக் கண் கலங்கினாள். கணவனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம்.

அந்தக் கலக்கம் ஒரு வாரம் தாங்கியது.

"சாப்ட்டயா கண்ணு?" என்று போனில் கேட்டாள்.

"சாப்ட்டேம்மா. கொள்ளுப் பருப்பு. ரெண்டாவது வாட்டியும் போட்டுக்கிட்டேன்."

வீட்டில் கொள்ளு வேகிற வாசம் வந்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பெண் அது.

"இங்க வெச்சா, மாட்டுக்கு வெய்யின்னு சொல்லுவே?"

"அத்தை வெச்சா நல்லாருக்குதும்மா."

கோமளா அன்று இரவு சோறு உண்ணாமல் படுத்தாள். மறுநாள் வேறு செய்தி. அத்தை தலை பின்னிவிட்டால் சாயங்காலம் வரை கலைவதில்லையாம். அதற்கு மறுநாள், மாமா அவள் முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டிவிட்டு ஆற்றில் நீச்சல் பழக்குகிறாராம். பெண் சொல்லச் சொல்ல, இவள் 'ம்' கொட்டுவது குறைந்துகொண்டே வந்தது.

அம்மா ஒருத்தி இருக்கிறாள் என்று காட்ட வேண்டாமா? கம்பெனியில் மிச்சப்பட்ட பனியன்களில் கைக்கு வந்ததை அள்ளி, உடுமலைப்பேட்டைக்குப் போகிற ஆளிடம் பெரிய மூட்டையாகக் கொடுத்தனுப்பினாள். இரண்டு நாள் கழித்து வீடியோ காலில் பார்த்தால், மாட்டுக் கொட்டகையில் நல்லான் நிற்கிறார். ரோஸ் கலர் பனியன், நெஞ்சில் பளபளவென்று ஜிகினா எழுத்து.

"அது எம் புள்ளைக்கு அனுப்புனதுங்ண்ணா!"

"எனக்கு முழங்கால் வரைக்கும் தொங்குதும்மா" என்றாள் அபிராமி. "மாமாவுக்குத்தான் கரெக்டா இருக்குது. எனக்கு அத்தை உடுமலையில கவுனு வாங்கிக் குடுத்துட்டாங்க."

"வெய்யலுக்கு நல்லா ஜிலுஜிலுன்னு இருக்குதம்மிணி" என்றார் நல்லான். "ஏஞ்சாமி, நெஞ்சுல என்னமோ எழுதியிருக்குதே, என்னது?"

"கோடை ராணின்னு எழுதியிருக்குதுங்க மாமா."

நல்லான் மாட்டைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டயா? இனிமே ராணியைத் தண்ணி காட்டச் சொல்லோணும்னா மரியாதையா கத்து."

அங்கே மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோமளாவும் சிரித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க முடியுமானால்.

பக்கத்து மிஷின்காரி ரங்காத்தாளுக்கு இது போதாதா? "அப்புறம் கோமளா, பெத்த வலி உனக்கு, வளத்த பேரு அவிகளுக்கா? பாத்துக்கிட்டே இரு, ஒரு நாளு உன்னைய ஆன்ட்டிங்கும்."

"வாயைக் கழுவுங்கக்கா."

வைகாசியில் மயிலாள் போன் செய்தாள். அவள் குரலில் ஒரு தயக்கம். "கோமளா, தப்பா நெனைக்காத. உடுமலையில நல்ல பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குது. வேனு எங்கூட்டு வாசல்லயே வந்து நிக்குது. ஆறாவதை இங்கயே சேத்தி உட்றலாமா? லீவுக்கு லீவு அங்க வரட்டும்."

கோமளா போனை வைத்த கையோடு ராஞ்சிக்குக் கூப்பிட்டாள்.

"நல்லதுதான புள்ள" என்றான் சரவணக்குமார். "நீ ராத்திரி வர்றே. நானு ஆனிக் கடைசியிலதான் வர்றேன். பொடுசு ஒத்தையில பூட்டுன ஊட்டுக்குள்ளயா கெடக்கும்? ஒரு ஷிப்ட்டோட வாடின்னு ரெண்டு வருசமா சொல்றேன், கேட்டயா?"

"ஏனுங்க, உங்கக்கா கேட்டா என்னையுங்கூடச் சேத்திக் கட்டி அனுப்பிருவீங்களா?"

போனை வைத்தாள். மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அபிராமிக்கு இடம் வாங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. சீருடைத் துணியும் எடுத்தாள். கடையில் தைக்கக் கொடுப்பாளா? சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மிஷினிலேயே சுடிதார் தைக்க உட்கார்ந்தாள்.

"அளவு வாங்குனயா?" என்றாள் ரங்காத்தாள். "பொண்ணு அங்கல்ல இருக்குது?"

"பெத்தவளுக்கு அளவு எதுக்குங்க்கா?"

ஒரு போன் போட்டிருந்தால் மயிலாள் பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தித் தோளும் கையும் அளந்து சொல்லியிருப்பாள். ஆனால் தன் பெண்ணின் அளவை அவளிடமா கேட்பது? நாக்கு வளையவில்லை. முந்தின வருஷத்து அளவை மனசில் வைத்து, கத்தரியைப் போட்டாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கொமரலிங்கம் போய் இறங்கினாள். பை நிறையப் பழம், பூ. நல்லான் வீட்டுத் தட்டத்தையே வாங்கி, பழம் அடுக்கி, பூவைச் சுற்றி, நடுவே அந்தச் சீருடையை வைத்து, நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தாள். நிச்சயத்துக்குச் சேலை வைப்பார்கள் பாருங்கள், அப்படி.

"என்ன கோமளா இது?" என்றாள் மயிலாள்.

"சீருங்க நங்கையா. எம் புள்ளைக்கு நானே கொண்டாந்த சீரு. நாளைக்கு எங்கூர்ல பள்ளிக்கூடம். கண்ணு, போட்டுக் காட்டு அத்தைக்கு."

அபிராமி அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், போட்டிருந்த கவுன் மேலேயே அதைத் தலைவழியாக மாட்டினாள். தலை போயிற்று. கைகள் இரண்டும் பாதி போயின. அதற்கு மேல் போகவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கி, முகம் துணிக்குள் மறைய, திருவிழாவில் சாமி வந்தவளைப் போல நின்றாள்.

"இழுத்து உடு, வரும்" என்று கோமளா கீழே பிடித்து இழுத்தாள். வரவில்லை. அப்போதுதான் அவள் கைக்கு உறைத்தது. பதினைந்து வருஷமாக அவள் தொட்டதெல்லாம் பனியன் துணி. இழுத்த இழுப்புக்கு வரும், விட்டால் சுருங்கும். ஒட்டத்தான் வெட்ட வேண்டும். அதே கையால் அசையாத சீருடைத் துணியை ஒட்ட வெட்டியிருக்கிறாள். போதாததற்குப் பெண் ஒரு லீவில் தோள் அகன்று வளர்ந்திருக்கிறாள். ஆற்றில் நீந்திய தோள்.

மயிலாள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா அளந்து சொல்லியிருப்பனே."

"உங்ககிட்ட நான் எதுக்குங்க கேக்கோணும்? பெத்தது நானு!"

"பெத்தது நீதான், யாரு இல்லைங்கறா? ஊருக்கே தெரியுது, நான் பெக்கலைன்னு. நீ வேற தட்டத்துல வெச்சுக் காட்டோணுமா?"

"கொள்ளுப் பருப்பைப் போட்டு எம் புள்ளைய வளைச்சுக்கிட்டீங்க!"

"பருப்புக்கு வளையற புள்ளையா? பசிக்குச் சோறு போட்டேன். நீ போன்ல 'சாப்ட்டயா, சாப்ட்டயா'ன்னு கேட்டுட்டு வெச்சிருவே. போட்டது யாரு?"

"ஏனம்மிணிகளா" என்று நல்லான் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "சண்டையெல்லாம் போடுங்க. அந்தப் பொண்ணுக்கு மூச்சு முட்டுதான்னு மட்டும் பாத்துக்குங்க."

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "மொதல்ல என்னையக் கழட்டி உடுங்க. அப்புறம் பேசிக்கங்க."

இரண்டு பேரும் ஓடி ஆளுக்கொரு கையைப் பிடித்து உருவினார்கள். அக்குளில் தையல் டர்ரென்று விட்டது. அபிராமி வெளியே வந்தாள், முகம் சிவந்து, முடி கலைந்து. கோமளா பதறி அந்தக் கையைத் தடவினாள். மயிலாளின் கையும் அங்கேதான் வந்தது. இரண்டு கையும் முட்டிக்கொண்டு, இரண்டும் ஒதுங்கின.

"நீயே சொல்லு கண்ணு" என்றாள் கோமளா. "எங்க இருக்கோணும் உனக்கு?"

அபிராமி பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க வந்தா, நீ எப்பம்மா ஊட்டுக்கு வருவே?"

கோமளா கிழிந்த தையலை விரலால் நீவினாள்.

"இங்க நீ இல்லைம்மா. அங்கயும் நீ இல்ல. அங்க பூட்டு மட்டுந்தான் இருக்குது."

மயிலாள் இப்போது சிரிக்கவில்லை. பெண்ணை அதட்டக்கூடப் போனாள்: "அம்மாகிட்ட அப்படிப் பேசக்கூடாது சாமி." அந்தப் பரிவுதான் கோமளாவுக்கு இன்னும் எரிந்தது. இவள் நல்லவளாகவும் இருக்கிறாளே!

புருஷன் இரண்டு வருஷமாகச் சொல்லி நடக்காததை அந்த எரிச்சல் ஒரு நொடியில் செய்தது.

"ஒரு ஷிப்ட்தான் போவேன்" என்றாள். "நாளையிலருந்தே. ஆறு மணிக்கு ஊட்டுல இருப்பேன். யாரு என்ன சொன்னாலுஞ் சரி."

"நெசமாவாம்மா?"

"நெசமா."

அபிராமி எழுந்து வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மயிலாள் அந்தப் பக்கம் பார்க்காமல் தட்டத்திலிருந்து உருண்ட எலுமிச்சையை எடுத்துத் திரும்ப வைத்தாள். "இதைச் சித்திரையிலயே சொல்லியிருந்தா" என்றாள் மெதுவாக, "நான் ஆசைப்பட்டிருக்க மாட்டனே கோமளா."

கோமளாவுக்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. தட்டத்துப் பூவைச் சரிசெய்துகொண்டே, "காலாண்டு லீவுக்கு அனுப்பறேனுங்க" என்றாள்.

"அரையாண்டுக்கு?"

"அது எனக்கு."

"பொங்கல் லீவு?"

"அதுக்கு நீங்களும் அண்ணாவும் அங்க வாங்க."

"மாட்டை யாரு பாக்கறது?" என்றார் நல்லான்.

"அப்ப பொங்கலுக்கு நாங்க வர்றோமுங்க. மூணு பேரும். புள்ளைய மட்டும் உட மாட்டேன்."

இப்படி ஒரு வருஷத்து லீவையெல்லாம் பேசி முடித்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ் நகர்ந்ததும் அபிராமி ஜன்னலில் தலையை நீட்டி, திருப்பம் வரும் வரை கையாட்டினாள். திருப்பம் எப்போதடா வரும் என்று கோமளா பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மணி அடித்ததும் எழுந்தாள். லைனே திரும்பிப் பார்த்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னங்க்கா, ஷிப்மென்ட் இருக்குது, நீங்களே கெளம்பினா எப்படி?" அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தாள். ரங்காத்தாள் தன் ஸ்டூலை நகர்த்தி அவளுக்கு வழி விட்டாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சிரிப்புச் சத்தம். அபிராமி போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாங்கத்தை! இல்லீங்கத்தை!" என்று உருண்டு உருண்டு சிரித்தாள். சீருடை இல்லாமல் போன முதல் நாள் பள்ளிக்கூடக் கதை மொத்தத்தையும் அங்கேதான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோமளாவுக்குச் சுருக்கென்றது. செய்யாமல் இருக்குமா? ஒரு ஷிப்ட்டை விட்டால் எரிச்சலும் விட்டுவிடுமா என்ன? நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பெண்ணின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"குடு. எங்க நங்கையாகிட்ட நானும் பேசோணும்."

அவ்வளவுதான் கண்ணுகளா. இந்நேரம் உங்கள் வீட்டில் யாராவது வழி பார்த்துக்கொண்டிருப்பார்கள், போங்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் நலமாக வீடு வந்து சேரட்டும். உங்கள் பிள்ளைகளை நேசிக்க நாலு வீடு இருக்கட்டும். அந்த நாலு வீட்டையும் பொறுத்துக்கொள்கிற மனசு உங்களுக்கு வாய்க்கட்டும் சாமி.