உச்சிக்காரரின் மெஷின்

மச்சான் கடையில் மெஷினைக் கொடுத்தால் அரை மணி நேர வேலைக்கு அரை நாள் ஆகும். மீதி நேரமெல்லாம் உபசாரம்தான். உட்காருங்க மாமா, டீ குடிங்க மாமா, ஃபேனை இந்தப் பக்கம் திருப்பட்டுமா மாமா என்று ஆளைத் தாங்கு தாங்கென்று தாங்குவான். தண்ணீர் மோட்டார், புல் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் பம்பு, எதைக் கொண்டுபோனாலும் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பான். இப்படிப்பட்ட நல்ல ரிப்பேர் கடை வேறு எங்கும் கிடையாது என்று அந்தத் தெருவே சொல்லும். அவன் அக்காளைக் கட்டிய உச்சிக்காரரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மரத்தின் உச்சியில் ஏறி அறுக்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். வீடுகளுக்கு நடுவே, மின்கம்பிக்குப் பக்கத்தில் நிற்கிற மரத்தை அடியோடு சாய்க்க முடியாது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவர் மேலே போய், உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்க வேண்டும். வயதில் பாதியை அவர் அந்த வேலையில்தான் கழித்தார். ஆனால் ஒன்றரை வருஷமாகத் தரையில் நிற்கிறார். குருவி என்று கூப்பிடப்படும் ஒல்லியான ஆள் மேலிருந்து அறுத்துப் போடும் கிளைகளைக் கீழே நின்று துண்டு போடுவதுதான் இப்போது அவர் வேலை. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. “உச்சிக்காரரே, அந்தக் குப்பையைக் கொஞ்சம் ஒதுக்குங்க” என்று காண்ட்ராக்டர் சொல்லும்போதெல்லாம் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும்.

எல்லாம் அந்தச் செயின் ரம்பத்தால் வந்த வினை. கயிற்றைச் சுண்டினால் கிளம்பும், சும்மா இருக்கும்போது நன்றாகத்தான் ஓடும். மரத்தில் வைத்து அழுத்தியதும் புகையைக் கக்கிக்கொண்டு முனகும். மற்றவர்கள் மூன்று கிளை இறக்குகிற நேரத்தில் அவர் ஒன்றை அறுத்துக்கொண்டிருப்பார். மச்சானிடம் மாதத்துக்கு ஒரு முறையாவது கொண்டுபோனார். அவனும் சளைக்காமல் பிரித்துத் துடைத்து மாட்டிக் கொடுத்தான். “மெஷினுக்கும் வயசாகுதுல்ல மாமா, அழுத்தாதீங்க, அது போற போக்குல விடுங்க” என்றான். மெஷின் சரியில்லை என்று காண்ட்ராக்டரிடம் சொன்னபோது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் எல்லார் முன்னாலும் சிரித்தார். மறுவாரமே குருவி மேலே ஏறினான்.

வேறொருவர் மெஷினை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். அந்தத் தொழிலில் யாரும் ரம்பத்தை இரவல் கொடுக்கவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். அது அது அவரவர் கைக்குப் பழகியது. தானே திருகிப் பார்க்கவும் வழியில்லை. கார்புரேட்டர் ஓரத்தில் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும். பெட்ரோல் எவ்வளவு போகவேண்டும் என்று தீர்மானிப்பவை அவைதான். மச்சான் ட்யூன் செய்து முடித்ததும் அவற்றின்மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துவிடுவான். பொட்டு உடைந்திருந்தால் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், பிறகு அந்த மெஷினைத் தொடமாட்டான். உச்சிக்காரர் அந்தப் பொட்டின்மேல் படிந்த தூசியைக்கூட மெதுவாகத்தான் துடைப்பார். மெஷின் மேல் இருந்த சந்தேகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கைமேல் திரும்பியது. கைதான் வலுவிழந்துவிட்டது என்று நம்ப ஆரம்பித்தார்.

கடைசியில் காண்ட்ராக்டர் மரக்கிடங்கில் காவலுக்கு உட்காருங்களேன் என்று நல்லவிதமாகவே சொன்னார். திங்கட்கிழமை பதில் சொல்வதாக இவர் சொல்லிவிட்டு வந்தார். சரி என்றுதான் சொல்வதாக இருந்தார். மெஷினை யாருக்காவது விற்றுவிடலாம், விற்பதற்கு முன் ஒரு தடவை சுத்தம் செய்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குக் கொண்டுபோனார்.

மச்சான் உதிரிச் சாமான் வாங்கப் போயிருந்தான். கடையில் அவன் மனைவி மட்டும் இருந்தாள். அவள் புருஷனைப்போல் வளவளவென்று பேசுகிறவள் இல்லை. வாய் நீளம் குறைவு, கை நேர்த்தி அதிகம். விற்கப்போகிறேன் தங்கச்சி, கொஞ்சம் பார்த்துக் கொடு என்றார். வாங்குகிறவன் ஓட்டிப் பார்க்காமலா வாங்குவான், ட்யூன் செய்துதான் கொடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவள் சின்னக் கத்தியால் சிவப்புப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தாள். அவருக்கு மனசு பதறியது. இருந்தாலும் அந்த வீட்டுக்காரியே எடுக்கும்போது இவர் என்ன சொல்வது?

மெஷினைக் கிளப்பி, விசையை அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் சுளித்தாள். ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகினாள். முனகல் உயர்ந்தது. இன்னும் கொஞ்சம் திருகினாள். புகை அறுந்து, மெஷின் ஒரே குரலில் கத்த ஆரம்பித்தது. அளவுக்கு மீறித் திருகினால் பிஸ்டன் வெந்துவிடும் என்று கொஞ்சம் பின்னால் தளர்த்தினாள். கடை வாசலில் கிடந்த மரக்கட்டையில் வைத்தாள். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போயிற்று. கட்டையின் இரண்டு பக்கமும் சீவல் சீவலாகக் கொட்டியது. அவர் ஒன்றரை வருஷமாகப் பார்த்ததெல்லாம் மாவு மாதிரித் தூள்தான்.

மெஷினை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்: “யாருண்ணா இதைத் தொட்டது? இது தானா கழண்ட மாதிரி இல்ல. வேணும்னே பெட்ரோலைக் கூட்டி வெச்சிருக்காங்க.”

கேட்டு முடித்த பிறகுதான் அவள் தன் விரலில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

மச்சான் வந்தபோது உச்சிக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். டீ சொல்லட்டுமா மாமா என்று ஆரம்பித்தவன், சுரண்டிய ஸ்க்ரூவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். கட்டையையும் சீவலையும் பார்த்தான். மழுப்பிப் பார்த்தான், முடியவில்லை. பிறகு கதை முழுக்க வெளியே வந்தது.

நெட்டை விழுந்த வருஷம் அது. நெட்டை, உச்சிக்காரரோடு ஒரே கயிற்றில் பிழைத்த கூட்டாளி. ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நின்ற மரத்திலிருந்து, ஓடுகிற மெஷினோடு விழுந்தவன் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்த மூன்றாம் நாளே உச்சிக்காரர் மரம் ஏறினார், பயமா எனக்கா என்று மார் தட்டிக்கொண்டு. அன்று மாலையே அவர் மனைவி தன் தம்பியின் கடைக்கு வந்து அழுதிருக்கிறாள். சொல்லி நிறுத்த முடியாத மனுஷர், மெஷின் சொன்னால் கேட்பார் என்று யோசனை சொன்னதும் அவள்தான்.

“அக்கா தாலியக் கையில புடிச்சுக்கிட்டு அழுதா மாமா. நான் என்ன பண்ணட்டும்? மேல ஏறாம இருந்தா சரின்னு நெனச்சேன்” என்றான்.

அடித்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உச்சிக்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்.

வீட்டில் அவர் கத்தவில்லை. மெஷினைக் கூடத்தின் நடுவில் வைத்தார். மனைவிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இத்தனை நாளும் இரவு சாப்பாடு முடிந்ததும் அவர் தோளிலும் முன்கையிலும் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டவள் அவள். வலு வந்துடும், கவலைப்படாதீங்க என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தாள். கையில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தே தேய்த்தாள். அதை நினைக்க நினைக்கத்தான் அவருக்கு வயிறு எரிந்தது. அக்காளும் தம்பியுமாகச் சேர்ந்து நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்கள்.

“என் கை போச்சுன்னு என்னையே நம்ப வெச்சுட்டியே” என்றார்.

“ஆமா, வெச்சேன். அந்தக் கை இன்னும் சோத்தப் பெசஞ்சு சாப்பிடுதில்ல. நெட்டை பொண்டாட்டியப் போய்ப் பாருங்க” என்றாள் அவள். குரலில் துளி வருத்தம் இல்லை. அதுவே அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

திங்கட்கிழமை அவர் காவல் வேலைக்குச் சரி சொல்லவில்லை. மூன்று மாடிக் குடியிருப்பின் முற்றத்தில், ஜன்னல்களை இடித்துக்கொண்டு நின்ற பெரிய மரம் அன்றைய வேலை. மெஷினைக் கீழே கிடந்த ஒரு கட்டையில் ஓட்டிக் காட்டினார். காண்ட்ராக்டர் கண்ணை அகல விரித்தார். குருவிகூட, அடேங்கப்பா என்றான். இன்றைக்கு உச்சி என்னுடையது என்றார். காண்ட்ராக்டர் தன் கையாலேயே கயிற்றை எடுத்துக் கொடுத்தார். ஒன்றரை வருஷ அவமானத்துக்கும் சேர்த்து அந்த ஒரு நிமிஷம் அவருக்குப் போதுமாயிருந்தது.

ஏறுவதில் சிரமமே இல்லை. கை பிடித்தது, கால் ஊன்றியது. கையில் ஒரு குறையும் இல்லை என்று மனசு துள்ளியது. மூன்றாவது மாடி உயரத்தில் கவட்டையில் நின்று கயிற்றை இறுக்கினார். இடுப்பில் தொங்கிய மெஷினை எடுத்துச் சுண்டினார்.

மெஷின் கத்தியது. தரையில் கேட்டபோது தெரியாதது இந்த உயரத்தில் தெரிந்தது, நெட்டை விழுந்த அன்று கத்திய அதே குரல். அவன் கீழே போய்விட்ட பிறகும் தரையில் கிடந்து நிறுத்துவாரில்லாமல் கத்திக்கொண்டிருந்ததே, அந்தக் குரல். இத்தனை காலமும் அந்த முனகலுக்கு அடியில் அது மூடிக்கிடந்திருக்கிறது. அவர் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் தொடைக்கு ஏறி இடுப்புக்கு வந்தது. விசையில் இருந்த விரலை அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. நெட்டைக்குப் பிறகு அவர் ஏறியதெல்லாம் வீம்பில் ஏறியது. அந்த வீம்பு தீர்ந்துபோகுமுன் மச்சான் மெஷினை மந்தமாக்கிக் காப்பாற்றியிருக்கிறான். அவருக்கு இத்தனை நாளும் இருந்தது பயம். கை போய்விட்டது என்று நினைத்திருந்தவரைக்கும் அது தெரியாமலே இருந்தது.

மெஷினை நிறுத்தினார். மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றார். கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்ததும் அவர்கள் கேட்பதற்கு முன்பே அவர் வாய் திறந்துவிட்டது.

“அடைச்சுக்கிச்சு. மேல போனா இழுக்க மாட்டேங்குது. அவன் கடையில குடுத்தா இப்படித்தான்.”

குருவி கயிற்றை வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். ரிப்பேர் கடைக்காரனைப் பற்றி இரண்டு பேர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மச்சான் பெயர் அந்த முற்றத்தில் நாறிப்போனது.

சாயங்காலம் மெஷினோடு கடைக்குப் போனார். மச்சான் அவரைக் கண்டதும் எழுந்து நின்றான். தங்கச்சி உள்ளே ஒரு பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஓட்டிப் பார்த்தீர்களா, உச்சிக்கு ஏறினீர்களா என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். இனிமேல் சத்தியமாக அந்தத் தப்பைச் செய்யமாட்டேன் என்றான்.

“பழையபடி வெச்சுடு” என்றார் உச்சிக்காரர்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. கோபத்தில் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் மன்னிப்புக் கேட்டான். அவர் தலை நிமிரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முழங்கால்களையும் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைப் பார்த்த பிறகு மச்சான் முகத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்பு இல்லாமல் போயிற்று. உள்ளே தங்கச்சியின் ஸ்பானர் சத்தமும் நின்றது.

மெஷினைக் கிளப்பினான். ஸ்க்ரூவை வெளிப்பக்கமாக மெல்லத் திருகினான். கத்தல் தணிந்து புகை வர ஆரம்பித்தது. தலையைக் குனிந்துகொண்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“போதுமா மாமா?”

“இன்னும் கொஞ்சம்” என்றார்.