எண்ணின் வால்

நூலகத்தில் புதுப் புத்தகங்களுக்கு எண் போடுகிறவள் அவள். முழுக்கப் படிக்காமல் எதற்கும் எண் போட மாட்டாள். அந்தப் பிடிவாதத்துக்கே 'உடும்பு' என்று பெயர் வாங்கியவள். அவள் கணக்கில் நாலு என்றால் வரலாறு, நாற்பத்தேழு என்றால் மலைக்காரர்களின் வரலாறு. எண் நீள நீள விஷயம் குறுகும். மலைக்காரர்களின் மருத்துவமோ பாட்டோ அந்தந்த அலமாரிக்குப் போய்விடும். ஆனால் எண்ணின் வாலில் ஒரு புள்ளியும் ஏழும் ஒட்டியிருக்கும். தேடுகிறவனுக்கு எல்லாம் கிடைக்க வேண்டும் என்று மேலதிகாரியோடு மல்லுக்கட்டி அந்த வாலை வாங்கியவளும் அவள்தான்.

அன்று மத்தியானம் கலவரக் கும்பலின் தலைவன் லாரிக்காரன் தன் ஆட்களோடு நூலகக் கதவை உடைத்துக்கொண்டு வந்தான். மலைக்காரர் வீடுகளைக் கொளுத்தியாயிற்று. இனி அவர்களைப் பற்றி ஒரு காகிதமும் மிஞ்சக் கூடாதாம். தடுத்த காவலாளியின் மண்டையை இரும்புக் கம்பியால் பிளந்தார்கள். கூட்டத்தில் அவள் கூடப்பிறந்த தம்பியும் நின்றான், அதே நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவன். வேலியே பயிரை மேய வந்திருந்தது.

நாற்பத்தேழாம் அலமாரியை அவன்தான் காட்டினான். அது வாசலில் எரிந்தது. அவளுக்கு வயிறு எரிந்தாலும் உள்ளுக்குள் ஒரு கள்ள நிம்மதி. மற்ற அலமாரிகளில் இருப்பது இந்தத் தடியன்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

லாரிக்காரன் லேசுப்பட்டவனில்லை.

"ஒரே அலமாரியா? மிச்சம் எங்கடி?"

"அவ்வளவுதான்."

அவள் வலது கையை மேசைமேல் அழுத்திக் கம்பியால் அடித்தான். விரல்கள் நொறுங்கின. மறுபடி அடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டாளே தவிர வாய் திறக்கவில்லை. கம்பி அவள் தலைக்கு மேல் ஓங்கியது.

"விடுங்கண்ணே! நான் சொல்றேன்!" தம்பி அலறினான்.

"வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்டா!" என்றாள் அவள்.

"நீ செத்துடுவேக்கா! அண்ணே, எல்லா அலமாரியிலயும் இருக்கு. எண்ணோட கடைசியில புள்ளி வெச்சு ஏழு போட்டிருக்கும். அதை மட்டும் எடுத்துக்குங்க."

லாரிக்காரன் நெடுக நின்ற அலமாரிகளைப் பார்த்தான்.

"யார்றா உக்காந்து பொறுக்கறது? மொத்தமா ஊத்துங்கடா."

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற புத்தி. பெட்ரோல் வாடை மூக்கில் ஏறுவதற்குள் தம்பி அவளைத் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டான். பின்னால் ஜன்னல்கள் வெடித்தன.

"உன்னைக் காப்பாத்தத்தானேக்கா…"

"நான் கேட்டேனாடா?"

நொறுங்கிய கையாலேயே அவன் முகத்தில் அறைந்தாள். வலியில் கண் இருண்டது. மறுபடியும் அறைந்தாள். அவன் தடுக்கவில்லை.